மனப்பாடக் கொப்பியை ஒரு தவணைக்கு மூடி வையுங்கள்

மலையகப் பாடசாலைகளில் ஆங்கிலம் படிப்பிக்கும் சேர்மாருக்கும் டீச்சர்மாருக்கும், ஹட்டனிலிருந்து பதுளை வரை டியூசன் வகுப்பு நடத்துபவர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஆசிரியன் இல்லை. தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே படித்து, இப்போது கொழும்பில் வேலை செய்கிறவன். மாதத்தில் இரண்டு ஞாயிறு ஊருக்கு வருவேன். அப்போது வாசிகசாலையில் உட்கார்ந்து ஓ.எல். (சாதாரண தரம்), ஏ.எல். (உயர்தரம்) பரீட்சைகளுக்குப் படிக்கும் பிள்ளைகளின் ஆங்கிலக் கொப்பிகளைப் பார்த்துக் கொடுப்பேன். வெளிநாட்டுப் படிப்புக்காக ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சை எழுதப்போகும் ஒன்றிரண்டு பேரும் வருவார்கள். அங்கே பார்த்த ஒன்றைப் பற்றி உங்களிடம் பேசத்தான் இந்த மடல்.

போன முறை 11 பிள்ளைகளுக்கு ஒரே தலைப்பைக் கொடுத்தேன்: இணையவழிக் கல்வி வகுப்பறைக்கு ஈடாகுமா? உங்கள் கருத்தை எழுதுக. 9 கட்டுரைகள் ‘நவ்அடேய்ஸ்’ என்று தொடங்கின. அடுத்த வசனத்தில் உலகம் வேகமாக வளர்ந்தது. அதற்கடுத்த வசனத்தில் நாணயத்துக்கு இரண்டு பக்கம் இருந்தது. ‘ஃபர்ஸ்ட்லி’, ‘மோர்ஓவர்’, ‘லாஸ்ட் பட் நாட் லீஸ்ட்’ எல்லாம் வரிசை தப்பாமல் வந்து நின்றன. இணையவழிக் கல்வியால் ‘நேரம் மிச்சம்’, ‘உலக அறிவு கிடைக்கும்’, ஆனால் ‘கண்ணுக்குக் கெடுதி’. இத்தனையும் எழுதிவிட்டு, ஈடாகுமா ஆகாதா என்ற கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

அதில் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, “2020இல் பாடசாலை மூடியிருந்தபோது நீ எப்படிம்மா படித்தாய்?” என்று கேட்டேன். சிரித்தாள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், சிக்னல் இல்லை. மேல் மலையில் தண்ணீர்த் தாங்கி இருக்கிறது. அதன் மேல் ஏறினால் இரண்டு கோடு வரும். வீட்டில் இருந்தது ஒரே போன், அதுவும் அண்ணனுடையது, அவனும் ஏ.எல். படித்துக்கொண்டிருந்தான். காலையில் அவனுக்கு, பின்நேரம் இவளுக்கு. பின்நேரம் என்றால் மழை. அட்டை கடித்த காலோடு தாங்கி மேல் குடையைப் பிடித்துக்கொண்டு, டீச்சர் வாட்ஸ்அப்பில் போட்ட பாடத்தைப் பார்த்து எழுதினாளாம். “இதில் ஒன்றுகூட உன் கட்டுரையில் இல்லையே?” என்றேன். “அதெல்லாம் எழுதலாமா அண்ணா?” என்று கேட்டாள்.

எழுதக்கூடாது என்று யாரும் அவளிடம் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். எழுதலாம் என்றும் யாரும் சொல்லவில்லை. அவள் கையில் இருந்தது வகுப்பில் கொடுத்த போட்டோகொப்பி. 20 கட்டுரை, எல்லாம் பாடமாக்க வேண்டியவை.

அந்தப் போட்டோகொப்பியைப் பாடமாக்கி வந்தவன்தான் நானும். தொலைக்காட்சியின் நன்மை தீமை, சுற்றுச்சூழல் மாசு இரண்டும் எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். ஓ.எல்.இல் வேறு ஏதோ தலைப்பு வந்தது, நான் மாசைத்தான் எழுதினேன். சி தரத்தில் சித்தி கிடைத்தது, வீட்டில் சந்தோஷம். பிறகு ஐஈஎல்டிஎஸ் எழுதப் போனபோதுதான் மாட்டினேன். கேட்பதிலும் வாசிப்பதிலும் 7க்குக் குறையவில்லை, எழுத்தில் மட்டும் 5.5. ஆறுக்குக் குறைந்த அந்த அரைப் புள்ளிக்காக ஒரு வருடம் போனது, இரண்டாவது தடவை கட்டணமும் போனது. ஆத்திரத்தில்தான் புள்ளி போடும் விதிகளையே முதல் தடவையாகத் தேடி வாசித்தேன்.

அதில் மர்மம் ஒன்றும் இல்லை. எழுத்துத் தாளின் இரண்டாவது பணியான கட்டுரைக்கு நாலு அளவுகோல், நாலுக்கும் சம எடை: கேட்டதற்குப் பதில் சொன்னானா, சொன்னது கோவையாக இருக்கிறதா, சொல்வளம், இலக்கணம். என் ‘மோர்ஓவர்’களும் ‘ஃபர்தர்மோர்’களும் எனக்குப் புள்ளி வாங்கித் தரவில்லை. இணைப்புச் சொற்களை இயந்திரம் மாதிரி ஒட்டுவதையே அவர்கள் ஒரு குறையாக எழுதி வைத்திருக்கிறார்கள். பாடமாக்கி எழுதினால் புள்ளி வெட்டுவார்கள் என்பதும் ஒளிவு மறைவு இல்லாத விதி. அப்புறம் கேள்வியின் வகை. ‘எந்த அளவுக்கு உடன்படுகிறாய்’ என்பது ஒன்று, ‘இரு பக்கத்தையும் ஆராய்ந்து உன் கருத்தைச் சொல்’ என்பது வேறு ஒன்று. நான் இரண்டுக்கும் ஒரே கட்டுரையைத்தான் எழுதியிருந்தேன், அதிலும் என் கருத்து இல்லாமல்.

இந்தக் கட்டுரைகள் எவ்வளவு சின்னவை என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். ஓ.எல்.இல் கேட்பது சுமார் 200 சொல். ஐஈஎல்டிஎஸ்ஸில் குறைந்தது 250 சொல், 40 நிமிடம். அதே மாதிரி ஆங்கிலப் பரீட்சையான பிடிஈயில் 200 முதல் 300 வரை, 20 நிமிடம். கேம்பிரிட்ஜின் பி2 ஃபர்ஸ்ட் பரீட்சையில் 140 முதல் 190 சொல்தான். அதில் இரண்டு குறிப்பை அவர்களே கொடுத்துவிட்டு, மூன்றாவதை நீயே யோசித்து எழுது என்கிறார்கள். டோஃபல் பரீட்சையில் 30 நிமிடத்தில் கருத்துக் கட்டுரை எழுதும் பழைய பகுதியை 2023 ஜூலையில் எடுத்தே விட்டார்கள். இப்போது ஒரு பேராசிரியர் கேள்வி போடுகிறார், இரண்டு மாணவர்கள் தங்கள் கருத்தைச் சொல்லியிருக்கிறார்கள், அவர்களோடு சேர்ந்து நீயும் 10 நிமிடத்தில் குறைந்தது 100 சொல்லில் பேச வேண்டும். பாடமாக்கி வைத்ததை அங்கே எந்த மூலையில் இறக்குவது?

200, 250 சொல்லில் என்னதான் கொள்ளும்? முதலிலேயே என் நிலைப்பாடு. அதற்கு இரண்டு காரணம், ஒவ்வொன்றுக்கும் கண்ணால் பார்த்த ஓர் உதாரணம். எதிர்ப்பக்கத்தில் நியாயமான ஒன்றை ஒப்புக்கொண்டு அதற்கு ஒரு பதில். அவ்வளவுதான், பக்கம் நிரம்பிவிடும். நாணயத்தின் இரண்டு பக்கத்துக்கு அங்கே இடம் கிடையாது.

“எங்கள் பிள்ளைகளுக்கு வசனமே ஒழுங்காக எழுத வராது, இதில் வாதம் எங்கே வரும்?” என்று நீங்கள் கேட்பீர்கள். என்னிடம் ஒரு டியூசன் சேர் நேரிலேயே கேட்டிருக்கிறார். வசனம் வராது என்பது உண்மை. வாதம் வராது என்பதைத்தான் நான் ஏற்கமாட்டேன்.

சின்ன வயதில் பாடசாலை விட்டு வரும் வழியில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்று வேடிக்கை பார்ப்பேன். சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று ஒவ்வொரு நிறுவையிலும் இரண்டு மூன்று கிலோ கழிப்பது உங்களுக்கும் தெரிந்ததுதான். ஒருநாள் எங்கள் அம்மாயி கணக்கப்பிள்ளையிடம் பிடித்துக்கொண்டார். “மூணு கிலோ கழிக்கக் கூடாதுங்க ஐயா. நேத்து மழை, நேத்து கழிச்சீங்க, நான் வாயத் தொறந்தேனா? இன்னைக்குக் காலையில இருந்து வெயிலு. கொழுந்தத் தொட்டுப் பாருங்க, ஈரம் இருக்கா? சாக்குக்குன்னு சொன்னா, அந்த வெறுஞ்சாக்க இப்பயே தராசுல போடுங்க, அது காட்டுறத கழிச்சுக்குங்க.” கணக்கப்பிள்ளை சாக்கைத் தராசில் போடவில்லை. ஒரு கிலோவோடு விட்டுவிட்டார்.

அதை இப்போது எழுதிப் பாருங்கள். நிலைப்பாடு முதல் வசனத்தில் இருக்கிறது. எதிர்ப்பக்கத்துக்கு விட்டுக்கொடுத்தது அடுத்த வசனத்தில். பிறகு காரணம், கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய சான்று, கடைசியில் தீர்வு. அரை நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அம்மாயி மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவர். எத்தனை கிலோ எடுத்தால் முழுப்பேர் (முழுநாள் சம்பளம்), எவ்வளவு குறைந்தால் அரைப்பேர் (பாதிச் சம்பளம்) என்று லயத்து வாசலில் நடக்கும் சண்டைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு வாதாட ஆங்கிலப் போட்டோகொப்பி சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். எழுத உட்கார்ந்ததும் நமக்கு மேடைத் தமிழ் வந்துவிடுகிறது. தமிழ்த் தினப் போட்டிக்குப் பேச்சுப் பாடமாக்கிய பழக்கம். உலகம் தோன்றிய நாளிலிருந்து தொடங்கினால்தான் மரியாதை என்ற எண்ணம். இன்னொன்று நம் வசன அமைப்பு. தமிழில் காரணத்தை முதலில் அடுக்கி முடிவைக் கடைசியில் சொல்வது இயல்பு. மழை பெய்ததால், பாதை சறுக்கியதால், பஸ் வராததால் நான் வரவில்லை என்போம். ஆங்கிலத்தில் திருத்துபவர் ‘வரவில்லை’ என்பதை முதலில் தேடுகிறார். ‘போய், வாங்கி, சமைத்து, சாப்பிட்டு’ என்று தமிழில் ஒரே மூச்சில் ஓடும் வசனத்தை அப்படியே ஆங்கிலத்தில் ஓட்டினால் முற்றுப்புள்ளி இல்லாமல் ஆறு வரி போகும். திருத்துகிறவர்கள் இலக்கணப் பிழை என்று சிவப்பால் வட்டம் போட்டுவிட்டுப் போகிறார்கள். பிள்ளைக்கு அது ஏன் என்றே தெரிவதில்லை. ஒரு பாடவேளை இதற்காகவே ஒதுக்கினால், ஒரு மூட்டை இலக்கணப் பயிற்சியைவிடப் பலன் கிடைக்கும் என்பது என் அனுபவம்.

உங்கள் கஷ்டம் தெரியாமல் பேசவில்லை. ஒரு வகுப்பில் 40 பேர். சில தோட்டப் பாடசாலைகளில் ஆங்கிலத்துக்கு ஆளே இல்லாமல் வேறு பாட டீச்சர் வந்து பார்த்துக்கொள்கிறார். பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியில் படித்து வந்த இளம் ஆசிரியர் ஒருவர் என்னிடம் சொன்னார்: “கட்டுரையைப் பாடமாக்க விட்டால் சித்தியடைகிறார்கள். சொந்தமாக எழுத விட்டால் வெறுந்தாள் தருகிறார்கள். பெறுபேறு குறைந்தால் கேள்வி என்னிடம்தான் வரும்.” இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. எழுத்தே கூட்டத் தெரியாத பிள்ளைக்குப் பாடமாக்கிய ஐந்து வரி ஒரு ஊன்றுகோல்தான், அதைப் பிடுங்கச் சொல்ல மாட்டேன். ஆனால் வகுப்பில் நடுவில் இருக்கும் 20 பேருக்கும் அதே கோலைக் கொடுத்து நொண்டவைப்பது ஏன்?

அதனால் கேட்பது ஒரு தவணைக்கு மட்டும். போட்டோகொப்பியை மூடி வையுங்கள். பிள்ளைகளுக்கு வீட்டில் பதில் இருக்கும் கேள்வியாகக் கொடுங்கள். எல்ல என்ற சுற்றுலா ஊருக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களால் நம் ஊருக்கு லாபமா நட்டமா? மண்சரிவு அபாயம் உள்ள லயங்களிலிருந்து மக்களைக் கட்டாயமாக வெளியேற்றலாமா? இரண்டாவது கேள்வியைக் கொடுத்தால் ஒரு பிள்ளையாவது 2014 ஒக்டோபர் 29 மீரியாபெத்தை மண்சரிவைச் சொல்லும். இன்னொன்று எழும்பி, “எச்சரிக்கை முந்தியே வந்ததுதானே, போகச் சொன்னா எங்க போறது?” என்று கேட்கும். பத்து நிமிடம் தமிழிலேயே அடித்துக்கொள்ள விடுங்கள். பிறகு பேசியதையே சின்னச் சின்ன ஆங்கில வசனமாக, ஒரு வசனத்தில் ஒரு விஷயமாக எழுத வையுங்கள். முதல் தடவை பார்க்கும்போது எழுத்துப் பிழையைத் தொடாதீர்கள். கேள்விக்குப் பதில் இருக்கிறதா, காரணம் இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். ஒரு கொப்பிக்கு ஒரு நிமிடம்கூடப் பிடிக்காது.

தண்ணீர்த் தாங்கிப் பிள்ளை அந்தக் கட்டுரையை மறுபடி எழுதினாள். முதல் வசனம்: ஈடாகாது, எங்கள் தோட்டத்தில் ஈடாகவே ஆகாது. மூன்றாவது பந்தியில், பாடசாலை முற்றாக மூடிக்கிடப்பதைவிட வாட்ஸ்அப் மேல்தான் என்று ஒப்புக்கொண்டிருந்தாள். அண்ணன் போனும் வந்தது, குடையும் வந்தது. 190 சொல், 14 பிழை. அட்டைக்கு ஆங்கிலத்தில் என்ன சொல் என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். மற்றதெல்லாம் அவளுடையது.

கொப்பி திருத்த ஆள் போதாது என்றால் சொல்லுங்கள். ஊருக்கு வரும் ஞாயிறுகளில் ஒன்பது மணியிலிருந்து நான் வாசிகசாலையில்தான் இருப்பேன். பக்கத்துத் தோட்டங்களின் கொப்பிகளையும் கட்டி அனுப்பினால், கொழும்பு பஸ்ஸில் திரும்பும்போது பார்த்து அடுத்த தடவை கொண்டு வந்து தருவேன்.

இப்படிக்கு,
மாசைப் பாடமாக்கி சி எடுத்த பழைய மாணவன்