பெரியக்கா சொன்னது

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள சுப்பு,

ஏழு மாதமாகக் கடிதம் போடாததற்கு வழக்கமான பொய்களைச் சொல்லப்போவதில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பேத்தி பேசத் தொடங்கிவிட்டாளா? சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெரியக்கா போனது உனக்குத் தெரியும். எப்படிப் போனாள் என்று உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

கணையத்தில் புற்றுநோய். கண்டுபிடித்தபோதே கல்லீரலுக்குப் பரவிவிட்டது. செம்பூர் வீட்டுப் பால்கனியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே ஒருநாள் சொன்னாள்: "மூச்சு நின்றால் விட்டுவிடு தம்பி. குழாயைச் சொருகிப் படுக்கவைக்காதே." "சும்மா இரு அக்கா" என்றேன். அவ்வளவுதான் நாங்கள் பேசியது.

மூச்சுத் திணறியபோது அவள் பையன் மூர்த்தி அமெரிக்காவிலிருந்து போனில், "எதையும் விட்டுவிடாதீர்கள்" என்றான். பதினோரு நாள் வென்டிலேட்டர். குழாயைப் பிடுங்கிவிடுவாள் என்று கைகளைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். நம் இருவர் காதையும் திருகிய கை, சுப்பு! நான் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அவளிடம் வாங்கிய மூன்று லட்சம் பாக்கி இருந்தது. "மாமா கணக்கை முடிக்கப் பார்க்கிறார்" என்று பையன் நினைத்துவிட்டால்? அந்த ஒரு பயம்தான்.

அதன் பிறகு சட்டம் படிக்கிறேன். சிரிக்காதே, கோமதி டீச்சரே இப்போது எனக்குப் பாஸ் மார்க் போடுவார். குழாய் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் பத்திரம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது. முதலில் மாஜிஸ்திரேட் மேலொப்பம் வேண்டும் என்றிருந்தது. 2023-ல் அதைத் தளர்த்தினார்கள்: இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி போதும். ஊசி போட்டு உயிரை எடுப்பது இன்றும் குற்றம்தான். இது சிகிச்சையை நிறுத்துவது, அல்லது தொடங்காமலே இருப்பது. பத்திரம் இருந்தாலும் இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் காவல் இருப்பது நல்லதுதான், என்னைப் போன்ற கடன்காரத் தம்பிகள் ஊரில் நிறைய.

பரேல் பக்கம் போகும்போதெல்லாம் கே.இ.எம். மருத்துவமனையைப் பார்க்கிறேன். 1973-ல் தாக்கப்பட்டு மூளை சிதைந்த நர்ஸ் அருணா ஷான்பாக், 2015-ல் இறக்கும்வரை அங்கேதான் கிடந்தார். உணவை நிறுத்த அனுமதி கேட்டு வந்த மனுவை 2011-ல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அத்தனை வருடம் குளிப்பாட்டி ஊட்டிய மருத்துவமனைக்காரர்கள் அவர் வாழவேண்டும் என்றார்கள். அவர்கள் சொல்தான் எடுபட்டது. அவர்கள் சொன்னது சரியா என்று எனக்கு இன்னும் குழப்பம். ஆனால் கேட்கவேண்டிய ஆட்களைக் கேட்டார்கள்.

நம் அக்காவைக் குளிப்பாட்டியவள் வீட்டு வேலைக்கு வந்த மாவுஷி. பத்தாம் நாள் காரியம் முடிந்து பாத்திரம் கழுவும்போது சொன்னாள்: "குழாய் வேண்டாம் என்று என்னிடமும் சொன்னார்களே." என்னிடம் மட்டும்தான் சொன்னாள் என்று நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் நான் வாயைத் திறந்திருந்தால் எனக்கு ஒரு சாட்சி இருந்திருக்கிறது.

மூர்த்திக்குப் பணத்தை அனுப்பிவிட்டேன். "இப்போது என்ன அவசரம் மாமா?" என்று கேட்டான். இன்னும் பதில் சொல்லவில்லை.

என் பத்திரம் தயார். என் சார்பில் முடிவெடுக்க லலிதா பெயரைப் போட்டிருக்கிறேன். மேல்மாடி ராவ் ஒரு சாட்சி. இன்னொரு இடம் காலியாக இருக்கிறது. உன் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருந்தாலும் பரவாயில்லை, வா. தாதரில் இறங்கு, நான் வந்து நிற்கிறேன். அந்தக் குடையையும் கொண்டு வா. இங்கே மழை இன்னும் விடவில்லை.

உன்,
ராமு