பில் காலின்ஸ் மேல் மட்டும் பழி போடாதே

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே பெரியவள் வேலை கிடைத்துப் புனே போய்விட்டாள். டிவி ரிமோட்டுக்குச் சண்டை போட ஆளில்லை. ராத்திரியில் பாட்டுதான்.

சரி, உன் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். 'அபகாப்' ஆல்பத்தோடு இங்கிலாந்து ராக் குழு ஜெனிசிஸ் தன் பழைய பாணிக்குக் கடையைக் கட்டிவிட்டது, எல்லாம் டிரம்ஸ் வாசித்துப் பாடிய பில் காலின்ஸ் செய்த வேலை என்கிறாய். 1981-லேயே ஹாலந்தில் லெய்டன் நகரத்து ரசிகர்கள் உன் கட்சிதான். புதுப் பாட்டுகளை மேடையில் வாசித்தபோது கூச்சல் போட்டார்கள். 1972-ல் 'சப்பர்ஸ் ரெடி' என்று 23 நிமிடத்துக்கு ஒரே பாட்டைக் கொடுத்த குழு அல்லவா, கோபம் வராமல் இருக்குமா?

காலின்ஸுக்குப் பங்கே இல்லை என்று சொல்லமாட்டேன். அவருடைய தனி ஆல்பம் 'ஃபேஸ் வேல்யூ' 1981 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. அதில் டிரம்பெட், சாக்ஸபோன் ஊதிய அமெரிக்கக் குழு எர்த் விண்ட் அண்ட் ஃபயரின் ஆட்கள்தான் 'அபகாப்' ஆல்பத்தின் 'நோ ரிப்ளை அட் ஆல்' பாட்டிலும் ஊதுகிறார்கள். ஆனால் 'அபகாப்' ஆல்பத்தின் ஒன்பது பாட்டுகளில் அவர் தனியாக எழுதியது ஒன்றே ஒன்று. கீபோர்டு வாசிக்கும் டோனி பேங்க்ஸுக்கு ஒன்று, கிட்டார் வாசிக்கும் மைக் ரதர்ஃபோர்டுக்கு ஒன்று. மீதி ஆறும் மூவரும் சேர்ந்து செய்தவை. சர்ரேயில் ஒரு பண்ணையை வாங்கி, சொந்த ஸ்டுடியோவாக மாற்றி, வெளித் தயாரிப்பாளர் யாரும் இல்லாமல் வாசித்து வாசித்தே பாட்டைக் கண்டுபிடித்தார்கள். ஆல்பத்தின் பெயரே அப்படி வந்ததுதான். பாட்டின் பகுதிகளுக்கு ஏ, பி, சி என்று அடையாளம் வைத்திருந்தார்கள். ஒரு கட்டத்தில் அவை இருந்த வரிசைதான் 'அபகாப்'. கடைசியில் பாட்டு வேறு வரிசைக்குப் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது!

என் கட்சி என்னவென்றால், மாற்றத்துக்குப் பெரிய காரணம் டிரம்ஸ் சத்தம். சவுண்ட் இன்ஜினியர் ஹியூ பாட்ஜம். 1980-ல் ஜெனிசிஸின் பழைய பாடகர் பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது தனி ஆல்பத்தில் காலின்ஸ் வாசிக்க, இவர் பதிவு செய்தார் இல்லையா, அந்தச் சத்தம்தான் இங்கேயும். ஒரு அடி விழுந்ததும் அறையின் எதிரொலி பெரிதாக எழும்பி, கதவைச் சாத்தினாற்போல் சட்டென்று அறுந்துவிடும். ஒரே அடி அவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டால், பேங்க்ஸ் பழையபடி கீபோர்டை அடுக்கடுக்காக எங்கே வைப்பார்? வைத்தால் ஒன்றும் கேட்காது. அதனால் கொஞ்சமாக வாசிக்கிறார், அந்தக் கொஞ்சமும் தெளிவாகக் கேட்கிறது. 'கீப் இட் டார்க்' பாட்டை ஹெட்போனில் கேள். கிட்டார் திரும்பத் திரும்ப ஒரே துண்டைத்தான் வாசிக்கிறது, எனக்கு ஒரு இடத்தில்கூட அலுக்கவில்லை.

'ஹூ டன் இட்?' பாட்டைத் திட்டி நீ எழுதியதற்கு மறுப்பே இல்லை. அதை எப்படி உள்ளே விட்டார்களோ! ஆனால் 'டோடோ/லர்க்கர்' இருக்கிறதே, ஏழரை நிமிடம், நடுவில் திருப்பங்கள், விடுகதை மாதிரி வரிகள். உன் பழைய ஜெனிசிஸ் அதற்குள் முழுசாக உட்கார்ந்திருக்கிறது. அதைத் தாண்டிப் போய்விட்டு ஆல்பத்தைத் திட்டுவது நியாயமில்லை, ஐயா.

அப்புறம், நவம்பரில் மதுரைப் பக்கம் வருவேன் போலிருக்கிறது. தேதி முடிவானதும் சொல்கிறேன். உன்னிடம் இருக்கிற ஜெனிசிஸின் 'டியூக்' எல்.பி.யை அப்போது எடுத்துக்கொள்வேன், ஒளித்துவைக்காதே. அம்மாவை வெயிலில் கறுப்புக் கண்ணாடி போடச் சொல், கேட்கமாட்டார்கள், இருந்தாலும் சொல்.

அன்புடன்,
சேகர்