வில்லன்கள் பக்கம் நின்ற எல்லாருக்கும் நன்றி

செய்த தப்புக்கு மேல் அடி வாங்கிய வில்லன்களைப் பற்றி மட்டும் ஒரு சாயங்காலம் பேசுவோம் என்று சைதாப்பேட்டையில் எங்கள் மொட்டை மாடிக்குக் கூப்பிட்டோம். வந்த கூட்டத்துக்குப் பாய் பத்தவில்லை. வந்தவர்கள், உதவியவர்கள் எல்லாருக்கும் நன்றி. சிலருக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும்.

முதலில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை அம்மாவுக்கு. நீங்கள் வராவிட்டால் கும்பகருணன் என்றால் தூக்கம், சாப்பாடு என்பதோடு நாங்கள் நிறுத்தியிருப்போம். கம்பன் பாட்டில் அவன் எழுந்ததும் கேட்பதே சானகியின் துயரம் இன்னும் தீரவில்லையா என்றுதான், அவளை விட்டுவிடு என்று அண்ணனிடம் சொல்லியும் பார்க்கிறான், திட்டுதான் கிடைக்கிறது, தம்பி வந்து இந்தப் பக்கம் வந்துவிடு என்று கூப்பிட்டபோது வளர்த்தவனை விட்டு வரமாட்டேன் என்று சாகப் போகிறான். சுக்கிரீவன் மூக்கையும் காதையும் கடித்துப் பிடுங்கிவிட, கடைசியில் அவன் ராமனிடம் கேட்கும் வரம், மூக்கில்லாத முகத்தை யாரும் பார்க்காதபடி என் தலையை வெட்டிக் கடலில் போட்டுவிடு என்பது. தம்பியைப் பார்த்துக்கொள் என்றும் கேட்கிறான். சீதையைத் தூக்கிவந்தது இவன் இல்லை என்பதை நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

சூர்ப்பணகைக்காகச் சண்டை போட்ட கல்லூரிப் பெண்களுக்கும் நன்றி. அவள் சீதையைப் பிடிக்கப் பாய்ந்தது தப்புதான், யாரும் மறுக்கவில்லை. தடுத்துத் துரத்தியிருந்தால் போதாதா, மூக்கு, காது, முலைக்கண் வரை போனது என்ன கணக்கு என்று நீங்கள் கேட்டதற்கு அங்கே ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.

காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்த கூத்துக் கலைஞர் ஐயாவுக்குப் பெரிய நன்றி. பாரதக் கூத்தில் போர்க்களமாகும் படுகளத்தில் மண்ணால் செய்து கிடத்தும் அந்தப் பெரிய துரியோதனனைப் பற்றியும், இடுப்புக்குக் கீழே அடிக்கக் கூடாது என்ற கதாயுத்த விதியை மீறி வீமன் தொடையில் அடித்ததையும் வேஷம் கட்டிய அனுபவத்தோடு நீங்கள் சொன்னது அருமை. ஆனால் ஐயா, சபையில் பாஞ்சாலிக்கு நடந்ததற்குத் தொடை போனது சரி என்றுதான் எனக்கு இன்னமும் படுகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

(சூரபத்மனுக்காக மட்டும் யாரும் வருத்தப்படவில்லை. மாமரமாக நின்றவன் பிளந்து மயிலும் சேவலுமாகி முருகன் கூடவே இருக்கிறான், அவனுக்கென்ன குறை.)

அப்புறம் வடபழனி ஃபைட்டர் அண்ணன். நம்பியார் சபரிமலைக்குப் போகும் பெரிய குருசாமி என்று தெரிந்தும் திரையில் பார்த்துத் திட்டித் தீர்த்த ஊர் நம் ஊர், ஆனால் அவருக்குப் பின்னால் நின்ற அடியாட்களை யார் நினைத்துப் பார்த்தோம்? ஹீரோ கையை ஓங்கினதும் கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழவேண்டும், கதைப்படி அவன் செய்த குற்றம் சம்பளம் வாங்கிக்கொண்டு வாசலில் நின்றது மட்டும்தான். “வில்லனுக்காவது சாகிறப்போ ஒரு டயலாக் குடுப்பாங்க தம்பி, எங்களுக்கு அதுவும் கிடையாது” என்று சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். அன்றைக்கு அதிகம் கைதட்டல் வாங்கியது நீங்கள்தான் அண்ணே.

மைக் செட் தந்த தம்பி, சுண்டல் செய்த மூன்றாம் மாடி அக்கா, சத்தம் அதிகம் என்று சொல்ல வந்து கடைசி வரை உட்கார்ந்து கேட்ட கீழ்வீட்டு மாமா, எல்லாருக்கும் நன்றி.

அடுத்தது வாலி. மறைந்து நின்று விட்ட அம்பைப் பற்றிப் பேச இப்போதே நிறையப் பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். ராமர் பக்கம் பேசத்தான் ஆள் கிடைக்கவில்லை, யாராவது இருந்தால் சொல்லுங்கள்.