நீல நோட்டில் ஒரு பக்கம்

அன்பு மகளுக்கு,

மூன்று வாரங்களாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. வேலை அதிகம் என்று அம்மாவுக்குச் சமாதானம் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால், சரக்கு வண்டிகளில் கதிரியக்கப் பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் உன் சோதனை வாயிலில் எச்சரிக்கை மணி ஒலித்தாலும் இப்போதெல்லாம் யாரும் எழுந்து போவதில்லை என்று சொல்லிவிட்டு நீ பேச்சை மாற்றியது என் மனத்தைவிட்டு அகலவில்லை.

காமா கதிருக்கான மணி ஒலித்தால் அது இயற்கையிலேயே சிறிது கதிரியக்கமுள்ள வாழைப்பழமாகவும் பீங்கான் ஓடாகவும் உரமாகவும் இருக்கலாம். நியூட்ரான் மணி அப்படிப்பட்டதன்று. அணுகுண்டுக்கு உதவும் புளூட்டோனியத்தில் கலந்திருக்கும் புளூட்டோனியம்-240 ஒரு கிராம் இருந்தாலே, அணுக்கள் தாமாகப் பிளந்து நொடிக்கு ஏறத்தாழ 1,000 நியூட்ரான்கள் வெளிவரும்; காமாவை அடக்கிவிடும் ஈயப் பெட்டியால் அவற்றை அடக்க முடியாது. குண்டுக்கு உதவும் மற்றொரு பொருளான, மிகுதியாகச் செறிவூட்டிய யுரேனியம் விடும் நியூட்ரான்களோ மிகக் குறைவு. ஆகவே மணி ஒலிக்காத பெட்டியையும் முழுதாக நம்பிவிடாதே. 1994 ஆகஸ்டில் மியூனிக் விமான நிலையத்தில் பிடிபட்ட புளூட்டோனியம், ஏறத்தாழ 363 கிராம், ஒரு பயணப் பெட்டிக்குள் அடங்கியிருந்தது. நியூட்ரான் மணி ஒலித்தால் எழுந்து போ அம்மா.

நியூட்ரான்களை எண்ணும் ஹீலியம்-3 குழாயைச் சுற்றிப் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் எதற்கு என்று பள்ளி நாள்களிலேயே கேட்டு, வேகத்தைத் தணித்தால்தான் நியூட்ரான் குழாய்க்குள் சிக்கும் என்று விடையையும் நீயே கண்டு சொன்னவள். அதை இன்றும் பெருமையோடு சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்படிப்பட்டவள் நாற்காலியைவிட்டு எழாமல் இருக்கலாமா?

இதைக் கேட்க எனக்குத் தகுதியில்லை. நானும் இதே வேலையில் இருந்தபோது, ஒரு விடியற்காலையில் இரும்புச் சரக்கேற்றிய லாரி வாயிலைக் கடந்தபோது நியூட்ரான் எண்ணிக்கை ஏறியது. அண்டக் கதிர்கள் கனத்த இரும்பில் மோதினால் நியூட்ரான்கள் உதிர்வதுண்டு என்று அறிந்திருந்ததால், பதிவேட்டில் ‘இரும்பு’ என்று ஒரே சொல்லை எழுதி வண்டியை அனுப்பிவிட்டேன். கைக்கருவி என் தலைக்கு மேலே ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றியிருந்தால், எண்ணிக்கை சரக்கு நெடுகப் பரவியிருக்கிறதா, ஓரிடத்தில் மட்டும் குவிகிறதா என்று தெரிந்திருக்கும். பெரும்பாலும் இரும்பாகத்தான் இருந்திருக்கும்; ஆனால் நான் பார்க்கவில்லை. இதையெல்லாம் எழுதிவைத்திருந்த என் நீல நோட்டை நீ கேட்டபோதெல்லாம் நான் தர மறுத்தது அந்தப் பக்கத்துக்காகத்தான்.

அந்தப் பக்கத்தைக் கிழித்து இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் பதிவேட்டிலும் உன் கையெழுத்தோடு அப்படி ஒரு வரி இருக்குமானால், அதை எனக்கு எழுது. அம்மாவிடம் நான் சொல்லமாட்டேன்.

அன்புடன்,
அப்பா