'நம் வீடு, நம் வயல்': படக் கண்காட்சி குறித்துப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். குறுவை நடவு மும்முரத்தில் இருக்கிறீர்கள். ஆனாலும் உங்கள் கைபேசியைக் கொஞ்ச நேரம் கடன் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 19 உலகப் புகைப்பட நாள். அன்று எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எடுத்த படங்களைப் பள்ளி வராந்தாவில் மாட்டப்போகிறோம். ஒத்திகையாகப் போன வாரம் ஆளுக்கொரு படம் கேட்டிருந்தோம். வந்ததில் பாதிக்கு மேல் சூரிய அஸ்தமனம். மீதியில் பல, தெருவிலேயே பெரிய மாடி வீட்டைத் தேடிப்போய் எடுத்தவை. "உன் வீடு எங்கப்பா?" என்று ஒருவனைக் கேட்டேன். "அது படத்துல நல்லா இருக்காது சார்" என்றான்.

மறுநாள் அவன் வகுப்பில் ஒரு படத்தைக் காட்டினேன். கேமராவால் எடுத்து இன்றுவரை மிஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது. பிரான்ஸ் நாட்டுக்காரர் நியெப்ஸ், 1827 வாக்கில் தம் கிராமத்து வீட்டு மாடி ஜன்னலிலிருந்து எடுத்தது. வெள்ளீயக் கலவைத் தகட்டில் தார் போன்ற ஒரு பூச்சு. எட்டு மணி நேரமாவது வெயில் பட்டால்தான் உருவம் பதியும். அதற்குள் சூரியன் நகர்ந்துவிட, எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டிலும் வெயில் அடிக்கிறது! அவ்வளவு பாடுபட்டு எதை எடுத்திருக்கிறார் என்று பார்த்தால், வீட்டு வளவு, கொட்டகைக் கூரை, ஒரு பேரிக்காய் மரம். "எங்க கொட்டகை இதைவிடத் தெளிவா விழும் சார்" என்றான் பையன்.

வந்த படங்களில் ஒன்றை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. வரப்பில் நின்று மகள் எடுத்தது. அம்மாவின் முதுகு தெரிகிறது, தலை பாதி வெட்டுப்பட்டிருக்கிறது, படமே கோணல். ஆனால் யாரோ வீசிய நாற்றுமுடிச்சு ஒன்று அந்தரத்தில் நிற்க, கீழே சேற்றுத் தண்ணீரில் அதன் நிழல். சேலைக்கு மேல் பழைய சட்டை போட்டிருப்பதால் மாட்டவேண்டாம் என்று அந்த அம்மா கூச்சப்படுகிறாராம். அம்மா, உங்கள் சம்மதமில்லாமல் மாட்டமாட்டோம். ஆனாலும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

படம் எடுக்கக் காலையிலோ மாலையிலோ அரை மணி நேரம் போதும். உச்சி வெயிலில் முகமெல்லாம் கறுத்துப்போகும். அதற்காக வீட்டை ஒழுங்குபடுத்தவோ, பிள்ளைக்குப் புதுச்சட்டை மாட்டவோ வேண்டாம். ஃபில்டர் போட்ட படங்களை எடுத்துக்கொள்ளமாட்டோம், அதில் நம் ஊர் மண்ணின் நிறமே போய்விடுகிறது. அடுத்தவரை எடுப்பதானால் அவரைக் கேட்டுவிட்டு எடுக்கட்டும். நட்ட வயலில் இறங்கக்கூடாது, மோட்டார் கொட்டகைப் பக்கம் போகவே கூடாது.

ஆகஸ்ட் 5-க்குள் வகுப்பாசிரியரின் வாட்ஸ்அப்புக்கு 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் தெளிவு குறைந்துவிடும். கேமரா உள்ள கைபேசி இல்லாத வீட்டுப் பிள்ளைகளை எங்கள் ஆசிரியரே சனிக்கிழமை அழைத்துப்போவார். பிரிண்ட் செலவு பள்ளியுடையது. யாரும் பணம் கொடுத்தனுப்ப வேண்டாம்.

கண்காட்சி மாலை 4 மணி முதல் 7 மணி வரை. வயலிலிருந்து அப்படியே வரலாம். கால் கழுவ வாசல் குழாயில் தண்ணீர் வரும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்