தூரத்தை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் வந்துவிடாது: விமானத் தொலைவு காட்டும் தளங்களை நடத்துவோருக்குத் திறந்த மடல்

அன்புடையீர்,

இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால், ஒரு தூரமும் ஒரு நேரமும் சட்டென்று காட்டுகிறீர்கள். அதை நம்பித்தான் பலர் அடுத்த விமானத்துக்கு இடைவெளி வைக்கிறார்கள், அழைத்துப் போக ஆள் வரச் சொல்கிறார்கள். தூரம் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. நேரத்தில்தான் கோளாறு.

ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ, பூமிப் பரப்பின் மேல் மிகக் குறுகிய வளைகோட்டில் சுமார் 7,800 கி.மீ. மணிக்கு 850 கி.மீ. என்று வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்தால் 9 மணி 40 நிமிடம். 2022 தொடக்கம் வரை இந்தக் கணக்கு ஏறக்குறைய ஒத்துப்போனது. ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்ட பின், வட துருவப் பக்கமாகவோ தெற்கே சுற்றியோ பறக்க 13 மணி நேரம் ஆகிறது. மூன்று மணி நேரத்துக்கு மேல் பிசகினால் அடுத்த விமானம் போயே போய்விடும்.

காற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜெட் ஸ்ட்ரீம் என்னும் உயர்வானத்து வேகக் காற்று மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது, குளிர்காலத்தில் இன்னும் வலுவாக. லண்டனிலிருந்து நியூயார்க் போக சுமார் 8 மணி, திரும்ப சுமார் 7. போக வர ஒரே எண்ணைப் போடுவது தவறு. பயணச்சீட்டிலுள்ள நேரம் விமானம் வாயிலை விட்டு நகர்வதிலிருந்து மறு வாயிலில் நிற்கும் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் அதில் அடக்கம்.

இன்னொன்று, நிரல் எழுதுவோருக்கு. மேற்குத் தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி போட மறப்பது பழைய பிழை. லண்டன்–நியூயார்க்கை வைத்துச் சோதித்தால் அது அகப்படவே அகப்படாது. லண்டன் கிட்டத்தட்ட பூஜ்ய ரேகையிலேயே இருப்பதால், நியூயார்க்கின் மேற்கு 74 பாகையைக் கிழக்கு என்று எடுத்து கிர்கிஸ்தான் மலைகளில் போய் நின்றாலும் தூரம் அநேகமாக அதேதான்! சிங்கப்பூர்–நியூயார்க்கைப் போட்டுப் பாருங்கள்: சுமார் 15,300 கி.மீ. வர வேண்டிய இடத்தில் 5,300 வந்தால் குறி தவறியிருக்கிறது. ஊர்ப் பெயரை மட்டும் வைத்துத் தேடுவதும் ஆபத்து. சிட்னி கனடாவிலும் உண்டு.

உள்ளூர் நேர வித்தியாசத்தை நிலையான எண்ணாக எழுதி வைக்காதீர்கள். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை முன்னே தள்ளுகிறது, பிரிட்டன் கடைசி ஞாயிறன்று. இடைப்பட்ட நாட்களில் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் 5 அல்ல, 4 மணி நேரமே வித்தியாசம்.

ஆகவே நாங்கள் கேட்பது: தூரத்தின் அருகே ‘குறுகிய வளைகோட்டுத் தொலைவு’ என்று எழுதுங்கள். நேரத்தைத் திசைக்கொன்றாக, தற்போதைய கால அட்டவணையிலிருந்து எடுத்துப் போடுங்கள். நேரடி விமானமே இல்லாத தடத்தில் பறக்கும் நேரம் காட்ட வேண்டாம். நேரடி விமானம் இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
விமானப் பாதைக் கணக்கில் பழகியவர்கள்