மொய் நோட்டு எந்த அத்தியாயத்தில் வர வேண்டும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் சமூகவியல் பிறந்து வளர்ந்த கதையைச் சொன்ன கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கோம்த், மார்க்ஸ், துர்கைம், வெபர் என்று அந்தத் துறைக்கு அடித்தளம் போட்ட ஐரோப்பியச் சிந்தனையாளர்களை, கரடுமுரடான ஆட்களை, இவ்வளவு எளிய தமிழில் சொல்வது லேசான வேலையில்லை. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் நடத்தியவன் நான், அந்தச் சிரமம் தெரியும். ஆனால் கட்டுரை பாரிஸில் கிளம்பி, ஜெர்மனி போய், அமெரிக்காவைச் சுற்றிவிட்டுக் கடைசி இரண்டு பத்தியில்தான் இந்தியாவுக்கு வருகிறது. அதுவும் 1919-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பாட்ரிக் கெடிஸ் துறையைத் தொடங்கிய இடத்தில் வந்து நிற்கிறது. அதுவரை இங்கே ஜனங்கள் கூடி வாழ்ந்தார்கள், ஆனால் கூடி வாழ்வதைப் பற்றி யோசிக்கவில்லை என்றல்லவா படிப்பவர் எடுத்துக்கொள்வார்? அங்கேதான் எனக்கு மனம் ஒப்பவில்லை.

என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நாங்கள் இலங்கையிலிருந்து வந்தவர்கள். 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தின்படி தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் இந்த நீலகிரி மலைக்கு வந்து சேர்ந்த குடும்பம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தேயிலைத் தோட்டத்தில் வேலை, குடியிருக்க லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு காம்பரா. எனக்கு அப்போது பத்து வயதுகூட ஆகவில்லை. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் வீட்டு மொய் நோட்டை எழுதும் வேலை என்னுடையது. கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு. ‘மேல் லயத்து டெய்லர் வீடு, 5 ரூபாய், அரிசி ஒரு படி. பதுளைக்காரர் வீடு, 3 ரூபாய், தேங்காய் இரண்டு.’ இப்படிப் போகும்.

ஒரு தடவை, பத்து ரூபாய் வைத்த வீட்டில் விசேஷம் வந்தது. நானும் பெரிய மனிதன் மாதிரிப் பத்து ரூபாயை எண்ணி எடுத்து வைத்தேன். அம்மா நோட்டைப் பிடுங்காத குறை. “வாங்குன பத்தையே திருப்பி வெச்சா கணக்கு முடிஞ்சிரும்டா. கணக்கு முடிஞ்சா அவங்க யாரோ, நாம யாரோ. ஒத்த ரூவா கூட வையி. அந்த ஒத்த ரூவாதான் உறவு” என்றார்.

என் மகள் முதுகலைச் சமூகவியல் படித்தபோது ஆய்வேட்டுக்கு எங்கள் லயத்து மொய்ப் பழக்கத்தையே எடுத்துக்கொண்டாள். அப்பாயி சொன்ன இந்த வார்த்தையைக் கோட்பாட்டு அத்தியாயத்தில் எழுதியிருந்தாள். வழிகாட்டியாக இருந்தவர் அதைச் சுழித்து, ‘இது களத் தரவு, நான்காம் அத்தியாயத்துக்கு மாற்றவும்’ என்று குறித்துக் கொடுத்தார். கோட்பாட்டு அத்தியாயத்தில் பிரெஞ்சுக்காரரான மார்செல் மோஸ் மட்டும் இருந்தார். வழிகாட்டியைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல மனிதர்தான். ஆய்வேட்டின் அமைப்பே அப்படி வகுக்கப்பட்டிருக்கிறது. யோசிப்பவர்கள் ஒரு அத்தியாயத்தில், யோசிக்கப்படுபவர்கள் இன்னொரு அத்தியாயத்தில். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

சரி, மோஸ் என்னதான் சொல்கிறார் என்று மகளிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கொடுக்க வேண்டும், வாங்கிக்கொள்ள வேண்டும், திருப்பிச் செய்ய வேண்டும். இந்த மூன்று கடமைகளில்தான் உலகின் பல சமூகங்கள் கட்டுண்டிருக்கின்றன என்று 1925-இல் எழுதியிருக்கிறார். பெரிய சிந்தனைதான், மறுக்கவில்லை. ஆனால் கொடுத்த பொருள் ஏன் திரும்பி வந்தாக வேண்டும் என்ற கேள்விக்கு அவர் எங்கிருந்து பதில் எடுத்தார் தெரியுமா? தமாட்டி ரனைபிரி என்ற நியூசிலாந்து மாவோரிப் பெரியவர் தன் மக்களின் வழக்கத்துக்குக் கொடுத்த விளக்கத்திலிருந்து. அது தரவு இல்லை ஐயா, விளக்கம். அதே நூலில் மகாபாரதத்தின் அனுசாசன பர்வத்தையும் மோஸ் எடுத்து ஆள்கிறார். கடன் வாங்கியதை அவர் மறைக்கவில்லை. மறந்தவர்கள் பின்னால் பாடத்திட்டம் எழுதியவர்கள்.

நீலகிரிக்காரன் என்பதால் இதை இன்னும் அழுத்திச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். இந்த மலையைப் போல ஆராய்ச்சியாளர்கள் வந்து குவிந்த இடம் தமிழ்நாட்டில் குறைவு. 1901-இலும் 1902-இலுமாக ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இங்கே தங்கி, இந்த மலையில் எருமை மேய்க்கும் பழங்குடியான தோடர்களின் வம்ச வரிசையைக் குடும்பம் குடும்பமாகக் கேட்டு எழுதினார். இறந்துபோன சொந்தக்காரரின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது தோடர் வழக்கம். அதனால் ஒரு குடும்பத்தின் கதையை வேறு குடும்பத்தாரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. 1906-இல் வந்த அந்தப் புத்தகம் எழுநூறு பக்கத்துக்கு மேல். உலகத்து மானிடவியல் மாணவர்கள் இன்றும் அதைத் திறந்து பார்க்கிறார்கள்.

அதில் வருகிற வில் கொடுக்கும் சடங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பெண் கர்ப்பமாக இருக்கும்போது, ஏழாம் மாத வாக்கில், மரத்தில் மாடம் போலக் குழித்து விளக்கேற்றி, குச்சியாலும் புல்லாலும் செய்த சின்ன வில்லையும் அம்பையும் கணவன் அவள் கையில் கொடுப்பான். சகோதரர்கள் சேர்ந்து ஒரு பெண்ணை மணந்த காலத்தில் அவர்களில் ஒருவன் கொடுத்தால் போதும். யார் வில் கொடுத்தானோ அவன்தான் பிறக்கும் பிள்ளைக்குத் தகப்பன். அடுத்து வேறொருவன் கொடுக்கும்வரை அவனே தகப்பன், இறந்துபோனாலும் அவனே. ரத்தம் ஒன்று, தகப்பன் என்கிற உறவு வேறொன்று, இரண்டாவதைச் சமூகம் தான் கூடி உண்டாக்குகிறது என்பதைக் கல்லூரியில் ஒரு பருவம் முழுக்க நடத்துகிறார்கள். தோடர்கள் அதை ஒரு விளக்கையும் ஒரு புல்லையும் வைத்துத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். இதைக் கண்டுபிடித்தது யார்? ரிவர்ஸ் கேட்டு எழுதினார். அதற்கு வெகுகாலம் முன்பே அதை யோசித்து முறையாக்கிய ஆட்கள் மந்துகளில், தோடர்களின் குடியிருப்புகளில், இருந்தார்கள்.

இந்த மலையின் இன்னொரு பழங்குடியான கோத்தர்களில் சுல்லி என்று ஒருவர் இருந்தார். பள்ளிக்கூடம் போய் ஆங்கிலம் கற்றவர். 1930-களில் மொழியியலாளர் எமனோ இங்கே வந்தபோது அவருக்குக் கோத்தர் மொழிக் கதைகளைச் சொன்னவர். அந்தக் கதைகள் 1944 முதல் 1946 வரை நான்கு பாகங்களாக வெளிவந்தன. மானிடவியலாளர் மேன்டெல்பாமுக்கும் அவரே வழித்துணை. அதே மனிதர், ஆண்கள் முடி வளர்த்துக் கொண்டை போடும் ஊர் வழக்கத்தை மீறி முடியை வெட்டிக்கொண்டு, ஊராரின் கோபத்துக்கு ஆளானவர். தன் சமூகத்தை வெளியாளுக்கு விளக்கவும் தெரிந்தது, உள்ளே நின்று அதோடு சண்டை போடவும் தெரிந்தது. சமூகவியலாளருக்கு வேறு என்ன இலக்கணம் வேண்டும்? புத்தகங்களில் அவருக்கு ‘தகவலாளி’ என்று பெயர்.

நம்மிடம் எல்லாமே அன்றைக்கே இருந்தது என்று மார்தட்ட இதைச் சொல்லவில்லை. அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காது. திணைப் பகுப்பைச் சமூகவியல் என்று சிலர் மேடையில் முழங்குகிறார்கள். அது கவிதைக்கு வகுத்த இலக்கணம், அதை அதன் இடத்தில் வைத்துப் பார்ப்பதே அதற்கு மரியாதை. இந்த மலையிலும் எல்லாம் தேனும் பாலுமாக இல்லை. கோத்தர் இரும்புச் சாமான் செய்து தந்து இசையும் வாசிக்க, படகர் தானியம் கொடுக்க, தோடர் நெய் கொடுக்க, குறும்பர் காட்டுப் பொருளோடு வர என்று ஒரு கொடுக்கல் வாங்கல் இருந்தது உண்மை. பில்லி சூனியம் வைத்தார்கள் என்று சொல்லிக் குறும்பர்களை 19-ஆம் நூற்றாண்டில் கூட்டமாகக் கொன்றதும் இதே மலையில்தான். உள்ளூர் அறிவைப் பேசுகிறவர் இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

உங்கள் கட்டுரையாளர் அயோத்திதாசரை விட்டுவிட்டதுதான் எனக்குப் பெரிய வருத்தம். 1845-இல் பிறந்தவர், சிறுவயதில் நீலகிரியில் வளர்ந்தவர். திராவிட மகாஜன சபையின் மாநாட்டை 1891-இல் இங்கேதான் கூட்டினார். 1907-இல் சென்னையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கி, 1914-இல் இறக்கும்வரை வாராவாரம் எழுதினார். சாதி எப்படி வந்தது, தாழ்த்தப்பட்டவர் என்று சிலரை ஆக்கியது யார், அந்தப் பெயர்களைச் சூட்டியவர் யார், சூட்டியதால் யாருக்கு ஆதாயம் என்று பழஞ்சொல், பண்டிகை, சடங்கு, ஏட்டுச்சுவடி எல்லாவற்றையும் கிளறிப் பார்த்தவர். அவருடைய சொல்லாராய்ச்சி முழுவதும் இன்று நிற்காது. தாழ்த்தப்பட்டவர்கள் ஆதியில் பௌத்தர்களாக இருந்தவர்கள், பூர்வ பௌத்தர், என்ற அவர் முடிவிலும் விவாதம் உண்டு. ஆனால் ஏழு வருடம் விடாமல் ஒரு பத்திரிகையில், எளிய ஜனங்கள் படிக்கிற தமிழில், சமூகம் என்பது உண்டாக்கப்பட்டது, ஆகவே மாற்றக்கூடியது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதே காலத்தில் வெபர் ஜெர்மனியில் எழுதியதை நாம் பாடமாக வைத்திருக்கிறோம். இந்து மதம் பற்றிப் புத்தகமே எழுதிய வெபர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை.

அம்பேத்கர் பெயரைக் கட்டுரை அரசியல் பக்கமாக ஒரு வரியில் தள்ளிவிட்டுப் போகிறது. 1916-இல், இருபத்தைந்து வயதில், கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் சாதியின் உயிர்நாடி சொந்தச் சாதிக்குள்ளேயே மணம் முடிக்கும் அகமணம்தான், உடன்கட்டையும் விதவைக் கொடுமையும் பால்ய மணமும் அதைக் காக்க வந்த ஏற்பாடுகள் என்று அவர் வாசித்த கட்டுரை சுத்தமான சமூகவியல். அப்புறம் வட ஆப்பிரிக்காவின் துனிஸில் பிறந்த அரபு அறிஞர் இப்னு கல்தூன். கோம்த் ‘சமூகவியல்’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவர நானூற்று அறுபது வருடம் முன்பு, 1377-இல், ஒரு கோட்டைக்குள் உட்கார்ந்து, கூட்டத்தைக் கட்டி வைக்கும் பிடிமானத்துக்கு ‘அஸபிய்யா’ என்று பெயரிட்டு, அது தளரும்போது அரசுகள் மூன்று நான்கு தலைமுறையில் சரிவதை விளக்கியவர். அவருக்கு ஒரு பத்தியாவது கொடுத்திருக்கலாம்.

என் வேண்டுகோள் இதுதான். இந்தக் கட்டுரையை முதல் பகுதியாக வைத்துக்கொண்டு ஒரு தொடர் போடுங்கள். கல்தூனும் அயோத்திதாசரும் சுல்லியும் மாவோரிப் பெரியவரும் கோம்த்தோடும் மோஸோடும் ஒரே அத்தியாயத்தில் உட்காரட்டும். கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் உங்கள் இதழைப் படிக்கிறார்கள். அடுத்த ஆய்வேட்டில் எதை எங்கே வைப்பது என்று அவர்கள் வழிகாட்டியோடு வாதாட ஒரு ஆதாரம் கிடைக்கும்.

அம்மா இப்போது இல்லை. நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. மலை ஈரத்தில் முதல் சில பக்கங்கள் மை ஊறிப்போய்விட்டன. தொடரை எழுதுகிறவர் கோத்தகிரிப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், வரி வரியாக நானே படித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.